கயிற்றில் வைத்த கை

எனக்கு வாய் அதிகம். இதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அப்பா தலைமை ஆசிரியராக இருந்தவர். உயிரோடு இருந்தவரை, "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தரணும்" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன தனியார் பள்ளியில் ஒன்பது வருஷம் ஆங்கிலம் எடுத்தேன். ஒரு நாள் தாளாளர், பள்ளி ஆயாவைப் பிள்ளைகள் முன்னால் வைத்துக் கன்னாபின்னாவென்று திட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வயசுக்காவது மரியாதை குடுங்க சார்" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டு, அன்று மதியமே சாக்பீஸ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. அதே வாயை வைத்துக்கொண்டு பின்னால் ஒரு ஊரில் நான் செய்துவைத்த காரியம்தான் மனசை அறுக்கிறது.

சுனாமி வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை அலுவலகம் ஒன்று திறந்தார்கள். முதலாளி துபாயில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். எதைச் சொன்னாலும் கையை விரித்து விரித்துச் சொல்வார். "மேடம், ஜனங்க கோயில் பார்த்துப் பார்த்து போர் அடிச்சுட்டாங்க. இனிமே லைஃபைத்தான் பாக்க வருவாங்க. கிராமம், பாரம்பரியம், ரூரல் ஹெரிடேஜ்! உங்க இங்கிலீஷ் இருந்தா போதும், மீதியை நான் பாத்துக்கறேன்" என்றார். வேலை இல்லாமல் வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருந்தது.

திட்டம் இதுதான். ஈ.சி.ஆர். சாலைக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக மணலில் கால் புதைய நடந்தால் வரும் ஒரு மீனவக் குப்பம். தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் யாரும் அங்கே போனதில்லை. சுனாமிக்கு முன்னால் அப்படி ஓர் ஊர் இருப்பதே சாலையில் போகிறவர்களுக்குத் தெரியாது. அங்கே வேனில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், 'கடலோர கிராமத்தில் ஒரு நாள்' காட்ட வேண்டும். வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்குவது என் வேலை. கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தாம்பரத்துக்காரிக்கு ரயில் தெரியும். அதனால் முதல் வேன் கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று, ஒரு வியாழக்கிழமை காலை, கையில் நோட்டும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு படகு கடலுக்குள் போய் வலையை அரைவட்டமாக விரித்துவிட்டு வந்துவிடும். வலையின் இரண்டு முனைக் கயிறும் கரையில் இருக்கும். ஒவ்வொரு கயிற்றுக்கும் இருபது இருபத்தைந்து பேர், குதிகாலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகச் சாய்ந்து இழுப்பார்கள். பெரும்பாலும் ஆண்கள். வயசானவர்களும் உண்டு. கயிற்றின் கடைசியில் சில பெண்கள் இருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நின்ற ஒருத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொம்மா நின்னுகினு இன்னா பாக்குற? கை கீதில்ல? வந்து புடி" என்றாள்.

பிடித்தேன். பத்து நிமிஷத்தில் உள்ளங்கை தீய்ந்துபோனது. இரண்டு கயிற்று ஆட்களும் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்து, கடைசியில் வலையின் மடி, அதாவது மீன் சேர்கிற பை, கரையேறியபோது, அதற்குள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியதைப் பார்த்து நான் கூச்சலே போட்டுவிட்டேன். பெரிய மீனெல்லாம் ஏலத்துக்குப் போனது. நெத்திலி, கவளை, சாவாளை மாதிரி சின்ன மீன்களை மணலில் வரிசையாகக் கூறு வைத்துக்கொண்டே போனார் ஒருவர். ஒவ்வொருவராக வந்து அவரவர் கூற்றை அள்ளிக்கொண்டார்கள். ஒரு கூறு மிச்சமிருந்தது.

"அது உன்னுது" என்றாள் அவள்.

"ஐயையோ, எனக்கு வேண்டாங்க. நான் சும்மா பாக்க வந்தவ."

அவள் முகம் மாறிவிட்டது. "வாணாமா? கயித்துல கை வச்சவளுக்குக் கூறு உண்டு. வாணாம்னு சொல்லக் கூடாது. கடல் குடுத்தத்த இன்னிக்கு நீ வாணாம்னா, நாளிக்கு அது நம்மள வாணாம்னுடும். எடு டீச்சர்."

நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நோட்டு வச்சிக்கினு, பேர் எழுதப் போற மாதிரி மெரட்டிகினு நிக்கற. வேற யாரு?" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். தன் பிளாஸ்டிக் பை ஒன்றில் என் மீனை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அக்கா. வயசில் இரண்டு மூன்று வருஷம்தான் மூத்தவளாக இருப்பாள்.

அந்த ஊரில் அதுதான் வழக்கம். கயிற்றில் யார் கை வைத்தாலும் கூறு உண்டு. எந்த ஊர், என்ன ஜாதி, எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை. வலைக்காரர் பங்கு, படகு பங்கு என்பதெல்லாம் வேறு. இது கைக்குக் கொடுக்கிற மீன். அக்காவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அவள் புருஷன் சுனாமிக்கு முந்தின வருஷம் காமாலையில் போய்விட்டான். அலையில் போகவில்லை என்பதால் நிவாரணப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. படகு இல்லை என்பதால் படகுப் பட்டியலிலும் இல்லை. ஆண் பிள்ளை கிடையாது. ஒன்பதாவது படிக்கும் ஒரே மகள். தினமும் இழுத்துக் கிடைக்கும் கூற்றில் ஒரு கை குழம்புக்கு எடுத்துக்கொண்டு, மீதியை அன்னக்கூடையில் வைத்துச் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள வீடுகளில் விற்றுவிட்டு வருவாள். "யாராண்டயும் போய் நிக்கல டீச்சர். கை கீது, கயிறு கீது" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பைத்தியக்காரி நான், உடனே அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் வேனில் எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. மற்றவர்கள் அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம். நானும் டிரைவரும் தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் ஏரிக்கரை வழியாக ஈ.சி.ஆர். சேர்ந்து, அங்கே ஹோட்டல்களில் அவர்களை ஏற்றிக்கொண்டோம். இன்றைக்குப் பெரும்பாக்கத்தில் வரிசை வரிசையாக நிற்கிற குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் எதுவும் அப்போது கிடையாது. கோரையும் கொக்கும்தான். கடற்கரையில் அவர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, என் நோட்டைப் பார்க்காமலே ஆரம்பித்தேன். "இந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதிவைக்காத சட்டம். இந்தக் கயிற்றில் யார் கை வைத்தாலும், அவர்கள் யாராக இருந்தாலும், கடலின் மீனில் பங்கு உண்டு..."

அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தன் கண் கலங்கியதில்லை. இங்கே பத்து நிமிஷத்தில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டுப் பேரும் ஓடிப்போய்க் கயிற்றில் கை வைத்தார்கள், சிரித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குப்பத்துக்காரர்கள் எட்டுக் கூறு சேர்த்து வைத்தார்கள். வழக்கம் என்றால் வழக்கம்தானே!

திரும்பி வரும்போது அந்த எட்டுக் கூறும் ஒரே பையில் வேனின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்தது. ஹோட்டலில் தங்கியிருக்கிறவர்கள் நெத்திலியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அவர்களை இறக்கிவிட்ட பிறகு, "நாறுது மேடம், வேனு பேஜாராப் போயிடும்" என்று சொல்லி, பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நிறுத்தி டிரைவர் பையைக் கவிழ்த்தார். நாய்கள் வந்தன. நாலாவது வாரத்தில் எங்கள் வேனின் ஹாரன் சத்தம் கேட்டாலே அந்த நாய்கள் சாலைக்கு வந்து நின்றன. நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெரிய வாய்க்காரி, ஒரு வார்த்தை பேசவில்லை.

முதலாளிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வழவழ காகிதத்தில் விளம்பரத் தாள் அச்சடித்தார். முன்பக்கத்தில் ஒரு கயிறு, அதைப் பிடித்த ஒரு கை. கறுத்து, நரம்பு ஓடி, விரல் கணுவெல்லாம் காய்த்துப்போன கை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். ஆசையாகத்தான் வாங்கினாள். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் கையி. மூஞ்சி எங்க டீச்சர்?" என்றாள். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வலை இழுக்கிற காலை ஆறு மணிக்கு வருகிறவர்களால் வர முடியாது. அதனால் சனி, ஞாயிறுகளில் வலையைப் பத்து மணிக்கு இழுப்பது என்று ஏற்பாடாயிற்று. கோயில் கோபுரத்துக்கு முதலாளி பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தார், ஊர்ப் பஞ்சாயத்தும் சரியென்றது. பத்து மணிக்கு மீன் எங்கே இருக்கும்? வெயில் ஏறினால் அது ஆழத்துக்குப் போய்விடும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூட அங்கே தெரியும். இழுக்கும்போது பாட்டுப் பாடச் சொல்லி வேறு முதலாளி கேட்டார். "இஸ்கறப்ப எவன் சார் பாடுவான்? மூச்சு வாங்குது" என்றார் ஒருவர். அப்புறம் அவர்களே ஏதோ ஒன்றைப் பழகிக்கொண்டு பாடினார்கள். எங்கள் வேனைப் பார்த்து வேறு கம்பெனிகளின் வேன்களும் வர ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதை நான் விட்டுவிட்டேன் என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு அந்த நாற்பது பேர் வந்தார்கள். சோழிங்கநல்லூர் பக்கத்து மென்பொருள் கம்பெனி ஒன்றின் பிள்ளைகள், எல்லாரும் ஒரே நிற பனியன். நான் வழக்கம்போல என் பிரசங்கத்தை முடித்தேன். 'யார் கை வைத்தாலும்' என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வேன், எனக்கு அது பழகிவிட்டிருந்தது. நாற்பது பேரும் ஓவென்று ஓடினார்கள். கயிற்றில் இடம் போதவில்லை. ஊர்க்காரர்கள் விலகி நின்று இடம் விட்டார்கள். ஒருவன் மாற்றி ஒருவனாகப் பிடித்து, போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிட்டான். இழுத்ததென்னவோ ஊர்க்காரர்கள்தான்.

மடி கரையேறியது. உள்ளே இருந்தது ஒரு கூடையின் அடியை மறைத்தால் அதிகம். கூறு வைக்கிறவர் மீனைப் பார்த்தார், மனிதர்களைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும், "தம்பிங்களா, வந்தீங்க, பாத்தீங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது தெரியவில்லை. கை வைத்தாயிற்று, கூறு வைக்க வேண்டும். வைத்தார். நாற்பது பேருக்கும் வைத்தார். ஒவ்வொரு கூற்றிலும் மூன்று, நாலு நெத்திலி. பனியன் பிள்ளைகள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெண் 'ஐயே' என்று கையை உதறினாள். அக்காவின் கூற்றில் இருந்தவை மூன்று. அவள் அதை எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் நான் போனபோது ஊர் கூடி முடிவெடுத்திருந்தார்கள். இனிமேல் கைக்குக் கூறு கிடையாது. ஊர் வரி கட்டுகிற தலைக்கட்டுக்கு மட்டும்தான் கூறு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் உள்ள குடும்பம். புருஷன் போய், ஆண் பிள்ளையும் இல்லாதவள் எந்தத் தலைக்கட்டிலும் வரமாட்டாள். எங்கள் வேனில் வருகிறவர்களுக்கு மட்டும், ஊரில் மீன் வாங்கி, ஆளுக்கு ஒரு சின்ன ஓலைப்பெட்டியில் வைத்து நாங்களே கொடுத்துவிட வேண்டும் என்று முதலாளியிடம் பேசி முடித்திருந்தார்கள்.

அக்கா வேன் பக்கத்திலேயே எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "நான் சொன்னா பொம்பள கத்தறான்னுவாங்க. நீ படிச்சவ, நீ போய் தலைவராண்ட சொல்லு டீச்சர். எனுக்குக் காசு பணம் வாணாம். என் எடம் கயித்துல கடைசி எடம். அத்த வுட்டா போதும்."

போனேன். ஊர்த் தலைவர் வலைக்கூடத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். நான் படபடவென்று கொட்டினேன். தினமும் இழுக்கிறவளையும் போட்டோவுக்குப் பிடிக்கிறவர்களையும் ஒரே தராசில் வைக்கலாமா, இது அடுக்குமா என்று கேட்டேன்.

"அது உனுக்கே தெரியுதில்ல?" என்றார். "அப்ப இன்னாத்துக்கும்மா ஒவ்வொரு தபாவும் அவங்களாண்ட, யார் கை வச்சாலும் கூறுன்னு சொல்ற?"

அவரே தொடர்ந்தார். "கைய எடுன்னு சொல்ல எங்களுக்குத் தெரியாதும்மா. எங்கப்பன் காலத்துலேர்ந்து சொன்னதில்ல. வந்தவங்களுக்கு இல்லன்னா அவளுக்கும் இல்ல. ஆளுக்கு ஒரு ஞாயம் வச்சா ஊரு தாங்காது. எனுக்கு மட்டும் வயிறு எரியலன்னு நெனச்சிக்கினியா?"

அலுவலகத்துக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அந்தம்மா ஒருத்திக்காவது நாமே ஊரிடம் பேசி ஏதாவது செய்யலாமே என்று கெஞ்சினேன். அவர் கையை விரித்தார். "மேடம், அது அவங்க ஊர் விஷயம். நாம உள்ளே போகக் கூடாது. அவங்க கல்ச்சரை நாம டிஸ்டர்ப் பண்ணக் கூடாது." நான் எழுந்து வாசலுக்குப் போகும்போது கூப்பிட்டு, "ஆனா அந்த ஸ்டோரியை மட்டும் மாத்திடாதீங்க. அதுக்குத்தான் ஆள் வருது" என்றார்.

அன்றைக்கே சாக்பீஸ் டப்பாவைத் திருப்பிக் கொடுத்த மாதிரி இதையும் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது! வரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறி, கால் புண் ஆறாமல் கிடந்த நேரம் அது. "இந்த வேலையிலயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்று அவள் ஜெபத்திலேயே சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருந்தேன். அதோடு விடவில்லை, செத்துப்போன வழக்கத்தை உயிரோடு இருப்பதாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். சனிக்கிழமை ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. 'யார் கை வைத்தாலும்' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவதைக்கூட விடவில்லை.

அக்கா கயிற்றுப் பக்கம் வருவதில்லை. ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு பங்களாவில் பெருக்கித் துடைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். மகளின் பத்தாம் வகுப்பு என்னவாயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரில் வந்தால் என்ன செய்வது என்று நினைத்து, வேனிலிருந்து இறங்கும்போதே நான் அவள் வீட்டுப் பக்கம் பார்க்காமல் இறங்குவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்துவிட்டாள்.

அன்றைக்குப் பன்னிரண்டு பேர், எல்லாரும் வெளிநாட்டுக்காரர்கள். முதலாளியும் கூட வந்திருந்தார். நான் சொல்லி முடித்து, அவர்கள் போய்க் கயிற்றைப் பிடித்தபோது, பங்களா வேலை முடிந்து கடற்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்த அக்கா நின்றாள். கையில் இருந்த பையை மணலில் வைத்தாள். நேராகப் போய், கயிற்றின் கடைசியில், தன் பழைய இடத்தில் கை வைத்தாள். எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் கையை எடு என்று சொல்லவில்லை. தலைவர் சொன்னது உண்மைதான், அந்த ஊருக்கு இன்னும் அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆண்கள் மணலைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். அக்கா குதிகாலை ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க, முன்னால் நின்ற ஒரு வயசான வெள்ளைக்காரம்மாவுக்கும் சேர்த்து இழுத்தாள்.

மடி வந்தது. அன்று பரவாயில்லை, நல்ல மீன். தலைக்கட்டுக் கூறுகள் வைக்கப்பட்டன. ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். நான் என் பையைத் திறந்து பன்னிரண்டு பேருக்கும் ஓலைப்பெட்டிகளைக் கொடுத்தேன். முதலாளி எனக்கும் ஒன்றைக் கொடுத்தார், அன்று அவருக்கு நல்ல மனநிலை. அக்கா கொஞ்சம் தள்ளி, இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு கூறு போகும்போதும் அடுத்த கூற்றைப் பார்த்தாள். எல்லாக் கூறும் போய் மணலில் ஈரம் மட்டும் மிஞ்சியது. அப்போதும் நின்றாள்.

அந்த வெள்ளைக்காரம்மா தன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்கு முன்னால் நின்றவர்களில் அவளுக்கு மட்டும்தான் கண் இருந்திருக்கிறது. அக்காவைக் காட்டி, இவளுக்குப் பங்கு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கை வைத்த எல்லாருக்கும் உண்டு என்று நீதானே சொன்னாய், எனக்குப் பின்னாலேயே நின்று இவ்வளவு நேரம் இழுத்தாளே என்றாள்.

முதலாளி என்னைப் பார்த்தார். கூறு வைத்தவர் என்னைப் பார்த்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் என்ன கேட்கிறாள் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும். வழக்கம் செத்துவிட்டது, அதைக் கொன்றது நாங்கள் என்று சொல்லிவிட்டிருந்தால், அந்த அம்மாளே பெரிய ரகளை செய்திருப்பாள். ஊருக்கு வெட்கமாகியிருக்கும், எங்களுக்கும் ஆகியிருக்கும். யார் கண்டார்கள், ஒரு கூறு திரும்பியிருக்கலாம். ஆயாவுக்காகத் தாளாளரிடம் பேசிய வாய் என்னுடையதுதான்.

"அவங்க பங்கை அவங்க ஏற்கெனவே வாங்கிக்கிட்டாங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அக்காவைப் பார்த்துக் கைகூப்பினாள். அக்கா பதிலுக்குக் கைகூப்பிவிட்டு என்னிடம் கேட்டாள்: "இன்னா டீச்சர் கேக்குறாங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. நீங்க நல்லா இழுத்தீங்கன்னு சொல்றாங்க."

அக்கா தலையை ஆட்டினாள். மணலில் வைத்த பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

எல்லாரும் வேன் பக்கம் போனதும் அவள் பின்னாலேயே ஓடினேன். சவுக்குத் தோப்பு ஓரத்தில் பிடித்து, என் ஓலைப்பெட்டியை நீட்டினேன். "அக்கா, இது என்னோடது. நீங்க எடுத்துக்கோங்க, ப்ளீஸ்."

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் கேட்டாள். "உன்னுது எனுக்கு இன்னாத்துக்கு டீச்சர்? நானும்தானே கை வச்சேன். என்னுத கேட்டுக் குடு."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் திரும்பிப் போய்க் கேட்பேன் என்றுதான் நின்றாள். இது எனக்கு அப்போதே தெரியும். வேனில் ஹாரன் அடித்தார்கள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் தோப்புக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் அந்த ஊருக்குப் போகவில்லை. காய்ச்சல், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிச் சொல்லியே வேலையை விட்டேன். அதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை. வேன் போவதும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது, ஜனங்களுக்கு வேறு ஏதோ ஊர் கிடைத்துவிட்டது. பல மாதம் கழித்துத் தாம்பரம் மார்க்கெட்டில் டிரைவரைப் பார்த்தேன். வலையை மறுபடி காலையிலேயே இழுக்கிறார்கள் என்றார். கைக்குக் கூறு மட்டும் திரும்ப வரவில்லையாம். "ஒரு தபா எட்த்துட்டா அவ்ளோதான் மேடம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேன் பெரும்பாக்கம் ஏரிக்கரைக்கு வந்தபோது, டிரைவர் வழக்கம்போல நிறுத்தி, "குடுங்க மேடம், கவுத்துட்றேன்" என்று கையை நீட்டினார். நாய்கள் நின்றுகொண்டிருந்தன. நான் கொடுக்கவில்லை. பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நெத்திலியை ஆய்ந்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அம்மா இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டு, "எவ்வளவு நாளாச்சு இப்படி மீன் சாப்பிட்டு" என்றாள். நானும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.